துளைக்கு ஐந்நூறு

சாவி தந்த அன்றே கலியமூர்த்தி சொல்லிவிட்டார்:
சுவரில் ஒரு துளை, அட்வான்ஸில் ஐந்நூறு.
வெள்ளை சிமெண்ட் அடைத்த பழைய துளைகளை
விரல் வைத்துக் காட்டினார்.
இது வாத்தியார் குடும்பம், காலண்டர்.
இது எல்.ஐ.சி.க்காரர், மாமனார் படம்.
தொட்டில் கொக்கிக்கு மட்டும் பிடிக்கவில்லையாம்.
பிறகு கேட்டார், சார் எப்போ வருவார்?

குவைத்தில் இருக்கிறார் என்றேன்.
மன்னார்குடியில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

ஒரு பீரோ, ஒரு கிரைண்டர், அரிசி டின்,
போர்வையில் சுற்றிய இந்த டிஷ்.
திருத்துறைப்பூண்டி வீட்டுக் கைப்பிடிச் சுவரிலிருந்து
நானே ஸ்பேனர் பிடித்துக் கழற்றியது.
ஒரு நட்டு வரவேயில்லை,
ரம்பத்தால் அறுத்தேன். அவர் உள்ளே
டிவி இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஹாஜா மைதீன் கூத்தாநல்லூரிலிருந்து வந்தான்.
ட்ரில் மெஷினை வண்டியிலிருந்தே இறக்கவேண்டாம் என்றேன்.
யோசித்தான்.
மாடிப்படி அடியில் கிடந்த இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில்
கம்பத்தை நிறுத்தி கான்கிரீட் ஊற்றினான்.
பாமணியாறு நாலு தெரு தள்ளி ஓடுகிறது;
நாங்கள் குழைத்தது
புதுக்கோட்டைப் பக்கம் அரைத்த கல்தூள்.
மூன்று நாள் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டேன்,
நைட் டூட்டிக்குப் போகையில் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை,
ட்ரிப் இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல.

கஜாவில் இங்கிருந்து பறந்த நாலு டிஷ்ஷும்
ஆற்றுக்கு அந்தப்பக்கம் நடவு வயலில் கிடந்ததாம்.
கலியமூர்த்தி வாளியை உதைத்துப் பார்த்தார்.
அசையவில்லை.
சுற்றிலும் குனிந்து துளை தேடினார்.

தென்கிழக்கு, நூத்தி முப்பது டிகிரி,
போனைத் தட்டையாகப் பிடித்துச் சொன்னான் ஹாஜா.
திருத்துறைப்பூண்டி ரோடு பக்கம்னு வச்சுக்குங்கக்கா.

அவன் மொட்டைமாடியில். நான் ஹாலில்.
ஜன்னல் வழியே கத்தினேன்:
ஸ்ட்ரெங்த் எழுபது. குவாலிட்டி பூஜ்யம்.
இன்னும் கொஞ்சம்.
எழுபத்தெட்டு. பூஜ்யம்.
ரெண்டும் ஒண்ணு இல்லையா தம்பி?
இல்லக்கா, ஒயரு சரியா இருந்தாலே இது ஏறும்.
அங்கேருந்து வந்தாத்தான் அது.

வந்தது, அறுபத்திநாலு.
சந்தா முடிந்திருந்ததால் இலவசம் மட்டும்:
ஓர் ஒடியாக் கல்யாணம்.
மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தான்.

அட்ரஸ் மாத்தணும்க்கா, ஓடிபி போயிருக்கும்.
கோ. பன்னீர்னு இருக்கு, சார் நம்பரா?
வாசலில் கலியமூர்த்தி நின்றார்.
சார் குவைத்ல எங்க? நான் ஃபஹாஹீல்ல ரெண்டு வருஷம்
இதே வேலைதான்
என்றவன் போனில் எண்ணைப் பார்த்தான்,
தொண்ணூற்று நாலில் தொடங்கும் நம்ம ஊர் எண்.
என்னைப் பார்க்கவில்லை.
அங்கல்லாம் ஓடிபி லேட்டாத்தான் வரும்.
ஓனர் சார், ஒரு டீ குடிச்சிட்டு வருவமா,
என்று அவரைப் படியிறக்கிக் கூட்டிப்போனான்.

ஏழு மாதம் கழித்து அழுத்துகிறேன்.
ஹலோ சொல்லவில்லை அவர். குறுஞ்செய்தியைப் பார்த்திருப்பார்.
ஏழு.
பூஜ்யம்.
பூஜ்யம்.
மூணு.
கொஞ்சம் நின்று,
இங்க மழை, என்றார்.
இங்க இல்ல, என்றேன்.

முக்கால் மணியில் இங்கேயும் வந்தது.
மேட்டூர் நீர்மட்டம் சொல்ல வாயைத் திறந்தவள்
சதுரம் சதுரமாக உடைந்து நின்றாள்.
குடையோடு மாடிக்குப் போனேன்.
வாளி நின்றது.
டிஷ், திருத்துறைப்பூண்டிக்கு வெகு மேலே
எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.
நேர் பின்னால் குவைத்.

நாற்பது கிலோ இருக்கும்.
காலி செய்யும் நாளில் இதை யார் இறக்குவது
என்று அப்போதுதான் நினைத்தேன்.
கொடியில் கலியமூர்த்தியின் வேட்டி நனைந்துகொண்டிருந்தது.
எடுத்துக்கொண்டு இறங்கினேன்.